தொடாத கரி

ஜூன் 3

செய்யப்பட்ட அநியாயத்தை முதலில் எழுதிவிடுகிறேன். கரிகுண்டா ஐந்தாம் நம்பர் சுரங்கத்தில் முப்பத்தொரு வருஷம் நிலக்கரி வெட்டிய கம்பெனி, வெட்டிய இடத்தை நிரப்பாமல், வாயில் ஒரு செங்கல் சுவரை வைத்துவிட்டுப் போனது. சுவர் ஏழு வருஷத்தில் விழுந்தது. நிலம் இருபத்தொரு வருஷமாக உட்கார்ந்துகொண்டே இருக்கிறது. கிழக்கு வயல் ஆள் உயரத்துக்குத் தாழ்ந்து குளமாகிவிட்டது. மாதா கோயில் படிக்கட்டு சுவரைவிட்டு நான்கு விரல் விலகி நிற்கிறது. போன கோடையில் காட்டோரம் விழுந்த வெடிப்பில் ஒரு மான் இறங்கி, ஏற முடியாமல் மூன்று நாள் கத்திச் செத்தது. நான் நாற்பது மனு எழுதினேன். நாற்பதுக்கும் நகல் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. பதில் ஒன்றும் இல்லை.

இப்போது ஆள் வருகிறார்களாம். எங்களுக்காக இல்லை. இடிந்த சுரங்க வாயில் வௌவால் குடியேறியிருக்கிறது. அதற்கு வழி செய்யாமல் மூடக்கூடாது என்று வனத்துறை சொல்லிவிட்டதால், கம்பெனி ஒரு என்ஜினீயரையும் வௌவால் படித்த ஒரு பெண்ணையும் அனுப்புகிறது.

இந்த முறை நடப்பதை நடந்த நாளிலேயே எழுதப்போகிறேன். பிறகு யாரும் மாற்றிப் பேச முடியாது. எழுதுகிறவன் செ. தேவசகாயம், வயது எழுபத்து நான்கு, ஓய்வுபெற்ற சர்தார். ஒவ்வொரு ஷிப்டிலும் முதலில் இறங்கி, கூரையையும் காற்றையும் சோதித்து, ஆள் இறங்கலாம் என்று சொல்கிறவன்தான் சர்தார். ஐந்தாவதோடு பள்ளி முடிந்தது. சர்தார் பரீட்சைக்கு வாத்தியார் இல்லாமல் நானே படித்துத் தேறினேன்.

கோலார் தங்க வயலிலிருந்து இந்தத் தெலுங்குச் சீமைக்குக் கரி வெட்ட வந்த குடும்பங்கள், தமிழ் லைன் என்கிற கம்பெனி வீட்டு வரிசையில் இருபத்திரண்டு வீட்டில் இருக்கிறோம். சுரங்கம் மூடியபோது மற்ற லைன்களை எல்லாம் இடித்தார்கள். இதை மட்டும் இடிக்கவில்லை. லைனைக் காப்பாற்றியது யார் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அதை நான் எழுத வேண்டியதில்லை.

ஜூன் 5

மாதா கோயில் முன்னால் கூட்டம். என்ஜினீயர் மதுகர், முப்பத்தைந்து வயதிருக்கும், தெலுங்கர். அவர் தெலுங்கில் பேசியதைத் தமிழில் எழுதிக்கொள்கிறேன். அனல் மின்நிலையத்துச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, மேலிருந்து துளை போட்டு, கீழே வெற்றிடத்தில் இறக்குவார்களாம். இறுகிக் கல்லாகிவிடுமாம்.

“வௌவாலுக்கு என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன்.

“வாயில் இரும்புக் கம்பிக் கதவு வைப்போம், தாத்தகாரு. ஆள் நுழைய முடியாது, வௌவால் நுழையலாம்.”

“அதுக்குக் கதவு வெச்சிக் குடுப்பீங்க. எங்களுக்கு இருபத்தொரு வருசமா ஒரு கடுதாசி கூட வரல.”

எல்லோரும் கை தட்டினார்கள். வௌவால்காரப் பெண்ணும் தட்டினாள். பெயர் பூங்கோதையாம், கோபிச்செட்டிபாளையத்துக்காரி. எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரியாமல் கை தட்டுகிற ஆள்.

பிறகு மதுகர் பழைய வரைபடத்தை விரித்தார். தெற்குப் பகுதி முழுக்கக் கரி எடுத்த வெற்றிடம் என்று கோடு போட்டிருந்தது. தமிழ் லைனுக்கு அடியில் வெள்ளைக் கட்டம், அதில் ‘தொடாத கரி’ என்று எழுதியிருந்தது. “வீடுகளுக்குக் கீழே கரியை வெட்டக்கூடாது என்பது விதி. அதனால் உங்களுக்குப் பயமில்லை. தெற்கைத்தான் நிரப்ப வேண்டும்” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி புஷ்பம் ஆரம்பித்தாள். “எல்லாத்துக்கும் எழுந்து எழுந்து கத்துனியே ஸ்டெல்லா அப்பா, அந்த மேப்புக்கு மட்டும் இன்னா கம்முனு குந்திகினே?”

தொண்டை கட்டியிருந்தது. அதையே சொன்னேன்.

ஜூன் 6

முருங்கையில் கம்பளிப்பூச்சி. பந்தம் கொளுத்தி அழித்தேன். மழை இல்லை.

ஜூன் 11

சாயங்காலம் பூங்கோதை வந்து, சுரங்க வாய்க்கு வழி காட்டச் சொன்னாள். முடியாது என்றேன். “அப்ப நானே தேடிக்கறேனுங்க” என்று தப்பான பாதையில் நடந்தாள். அந்தப் பக்கம் வெடிப்பு இருக்கிறது. பின்னாலேயே போக வேண்டியதாயிற்று.

இன்க்லைன் என்று நாங்கள் சொல்லும் அந்தச் சாய்வுச் சுரங்கத்தின் வாயில் இரண்டு பேரும் கல்லில் உட்கார்ந்தோம். இருட்டுகிற நேரத்தில் வௌவால்கள் புகை மாதிரி வெளியே வந்தன. அவள் கையில் எண்ணும் டிக்கர். அவள் நானூற்றுப் பன்னிரண்டு என்றாள். நான் நானூற்று முப்பது என்றேன்.

“எப்படிங்க ஐயா, கருவி இல்லாமயே?”

“ஷிப்டு முடிஞ்சி வெளிய வர ஆளை முப்பது வருசம் எண்ணுனவன். ஒருத்தன் கொறஞ்சா நான் வீட்டுக்குப் போகக் கூடாது.”

சிரித்தாள். போன வருஷம் வேறு ஒருவர் எண்ணியபோது ஆயிரத்துக்கு மேல் இருந்ததாம். “மிச்சமெல்லாம் வேற வழியா வெளிய போகுதுங்க. எங்கியோ புது ஓட்டை இருக்கோணும்” என்றாள். குட்டி போட்ட காலமாம். ஆகஸ்ட் பாதிக்கு மேல்தான் குட்டிகள் பறக்குமாம்.

வாய்க்குப் பக்கத்துச் சுவரில் சாக்கட்டி எழுத்தைப் பார்த்துவிட்டு, “இது என்னங்க?” என்றாள். சொன்னேன். கூரையைக் கோலால் தட்டுவோம். நல்ல கூரை கணீரென்று கேட்கும். கெட்ட கூரை பறை மாதிரி அதிரும். தட்டிப் பார்த்த இடத்தில் சர்தார் தேதியும் தன் பெயரெழுத்தும் எழுத வேண்டும். எழுத்தில்லாத இடத்தில் எவனும் கால் வைக்கமாட்டான். எல்லா சர்தாரும் இங்கிலீஷில் எழுதினார்கள். நான் மட்டும் தமிழில் ‘செ.தே.’ என்று எழுதினேன். மேனேஜர் இரண்டு முறை மெமோ கொடுத்தார். நான் மாற்றவில்லை. அந்தச் சுரங்கத்தில் தமிழில் எழுதியவன் நான் ஒருவன்தான்.

அவள் அதைப் படம் எடுத்துக்கொண்டாள். எடுக்கட்டும்.

ஜூன் 15

நாற்பத்தோராவது மனு. கலெக்டருக்கு. மாதா கோயில் படிக்கட்டு, கிழக்கு வயல், மான் செத்தது. தபாலில் சேர்த்தேன். புஷ்பம், “கலெக்டருக்கு உன் கையெழுத்து மனப்பாடம் ஆயிருக்கும்” என்றாள். கோழி அடித்த நாள் என்பதால் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் 19

தெற்கில் முதல் துளை போட்டார்கள். நூற்றிருபது அடியில் வெற்றிடம் வர வேண்டும். வரவில்லை. துளைக்கம்பியில் கெட்டிக் கரி வந்தது. இருபது அடி தள்ளி இன்னொன்று போட்டார்கள். அதிலும் கரி.

மதுகர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். “தாத்தகாரு, தெற்கில் நீங்கள் வேலை செய்திருக்கிறீர்கள். கடைசி மூன்று மாத ரிப்போர்ட் எல்லாம் தெற்கு என்றுதான் இருக்கிறது. எல்லாம் உங்கள் கையெழுத்து. கரியை எடுத்தீர்களா, இல்லையா?”

“மிஷின் கோணலா எறங்கியிருக்கும். நேரா வெச்சிப் பாருங்க” என்றேன்.

போய் நேராக வைத்துப் பார்த்தார். மூன்றாவதிலும் கரி.

ஜூன் 20

தூக்கமில்லை. முட்டிவலி.

ஜூன் 24

ஒன்பதாம் நம்பர் வீட்டுச் சவுரியம்மா காலையிலேயே வந்து கூச்சல். சின்னப்பராஜுடைய விதவை. சின்னப்பராஜும் நானும் பதினெட்டு வருஷம் ஒரே ஷிப்டு. நுரையீரல் கெட்டுச் செத்து ஆறு வருஷம் ஆகிறது.

“அண்ணா, எங்கூட்டுப் பின்னால பூமி வாயத் தொறந்துகினு கீது. நேத்து சாயங்காலம் அதுலேருந்து வௌவாலு வருது அண்ணா, வந்துகினே கீது! மண்ணெண்ணெய ஊத்திக் கொளுத்திடலாமா?”

போய்ப் பார்த்தேன். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் முறம் அகலத்துக்கு ஓட்டை. கையை நீட்டினேன். குளிர்ந்த காற்று மேலே வந்தது. அந்தக் காற்றின் நாற்றம் எனக்குத் தெரியும்.

பூங்கோதைக்குச் செய்தி போய், அவள் ஓடிவந்து மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். “இதாங்க அந்த மிச்ச அறுநூறு! அக்கா, மண்ணெண்ணெய் மட்டும் ஊத்திராதீங்க, உள்ள பால் குடிக்கிற குட்டிக இருக்குதுங்க.”

“எனக்கு மூணு பேரப்புள்ளைங்க கீது, அதுங்களும் சின்னதுதான்” என்றாள் சவுரியம்மா.

ஓட்டையைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். மதுகர் வந்தார், வரைபடத்தைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார், மறுபடி வரைபடத்தைப் பார்த்தார். “கீழே தொடாத கரி. பழைய கிணறாக இருக்கலாம்” என்றார். இங்கே எந்தக் காலத்திலும் கிணறு கிடையாது. நான் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஜூன் 25

சவுரியம்மா வீட்டுப் பின்கதவு நிலையில் இடிக்கிறது என்றாள். செதுக்கித் தருகிறேன் என்று உளியையும் என் பழைய கோலையும் எடுத்துக்கொண்டு போனேன். கதவுக்குக் கோல் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. காபி போட உள்ளே போனபோது தரையைத் தட்டினேன். முன்னறை, நடு அறை, சமையலறை.

கதவு மரம் ஈரத்தில் உப்பியிருந்தது. செதுக்கிவிட்டேன்.

காபி கொண்டுவந்து தானாகவே பேசினாள். “அவரு இருந்த வரைக்கும் இந்த வூட்டுல உரல் இறக்க வுடல அண்ணா. ஒரு தபா எங்கம்மா ஆட்டுக்கல்லு குடுத்தனுப்புச்சி. எறக்கின வண்டியிலயே திருப்பி ஏத்தி அனுப்பிட்டாரு. எங்கம்மா சாவற வரைக்கும் அவரோட பேசல. பசங்க எகிறிக் குதிச்சா அடிப்பாரு. சத்தம் ஆவாது அந்த மனுசனுக்கு.”

காபியில் சர்க்கரை அதிகம். குடித்துவிட்டு வந்தேன்.

ஜூன் 29

ஓட்டைக்குள் கேமரா இறக்கினார்கள். இருட்டில் பார்க்கும் கேமராவாம், வௌவாலைத் தொந்தரவு செய்யாதாம். அறுபது அடிக் கயிறு. சவுரியம்மா வீட்டுக் கட்டிலில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பூங்கோதை உட்கார்ந்திருந்தாள். மதுகர், நான், லைன் சனம் பாதிப் பேர் சுற்றி நின்றோம்.

முதலில் மண். பிறகு பாறை. பிறகு திடீரென்று அகலமாக ஒரு பாதை, தூரம் வரைக்கும். கூரை முழுக்க வௌவால். தாய் வயிற்றில் குட்டி ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. பெண்கள் எல்லோரும் “ஐயோ” என்று சொல்லிச் சிரித்தார்கள்.

மதுகர் சிரிக்கவில்லை. “இது ஆள் வெட்டிய பாதை. வரைபடத்திலேயே இல்லை. ஒருவேளை வெள்ளைக்காரன் காலத்துப் பழைய சுரங்கமோ?”

கேமரா கயிற்றில் மெல்லத் திரும்பியது. பக்கச் சுவரில் வெள்ளையாக ஏதோ. வௌவால் எச்சம் என்று மதுகர் நினைத்திருப்பார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. லைன் சனம் நின்ற தூரத்துக்கு எழுத்துத் தெரியாது. பூங்கோதை கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு பொத்தானை அழுத்திப் படத்தை நிறுத்தினாள். பிறகு ஓடவிட்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

வெயில் அதிகம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 30

எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

ஜூலை 1

எழுதுவதற்கு ஒன்றுமில்லை. நாற்பத்திரண்டாவது மனுவை ஆரம்பித்துப் பாதியில் விட்டேன்.

ஜூலை 4

நல்ல மழை, இரண்டு நாளாக. ஓட்டை இப்போது கட்டில் அகலம்.

மதுகர் சொன்னார்: தெற்கில் ஏதோ வரைபடப் பிழை, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமாம், முதலில் கிழக்கை நிரப்பப் போகிறார்களாம். ஹைதராபாத் ஆபீசிலிருந்து அவரை அவசரப்படுத்துகிறார்கள் போல. பன்னிரண்டாம் தேதியிலிருந்து சாம்பல் லாரி வரும். ஒவ்வொன்றும் முப்பது டன். வயல் பாதை சேறு என்பதால் லாரிகள் தமிழ் லைன் ரோடு வழியாக வரும், எங்கள் பின்பக்க மைதானத்தில் சாம்பலைக் குவிப்பார்கள்.

“லைன் ரோட்டில் ஏன்?” என்று கேட்டேன்.

“இந்த வட்டாரத்திலேயே கெட்டியான தரை இதுதான் தாத்தகாரு. கீழே தொடாத கரி. அந்த ஓட்டை ஏதோ ஒரு ஒற்றைப் பாதை. அதைச் சுற்றிக் கம்பி போட்டுவிடுகிறேன்.”

“மேப்ப நம்பாதீங்க” என்றேன்.

“வேறு எதை நம்புவது? சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.” பேனாவை எடுத்துக் காத்திருந்தார். நல்ல பிள்ளை. அவசரமில்லாமல் காத்திருந்தார்.

மழை பெரிதாகிவிட்டது. உள்ளே வந்துவிட்டேன்.

ஜூலை 6

பூங்கோதை குடையோடு வந்தாள். புஷ்பம் சமையலறையில் இருந்தாள். பூங்கோதை பைக்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். ஒரு தாய் வௌவால், குட்டி, அவற்றுக்குப் பின்னால் கரிச்சுவர். சுவரில் சாக்கட்டியில்: செ.தே. 11.3.98.

“பத்தாந்தேதி கூட்டத்துல என்ற ரிப்போர்ட்ட குடுக்கோணுங்க. இந்தப் படம் அதுல வரும். கீழ என்ன எழுதறதுன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தனுங்க.”

“வௌவாலுன்னு எழுது.”

“எழுதறனுங்க. பின்னால இருக்கறத?”

“நீ வௌவாலு எண்ண வந்தவ. அதை மட்டும் எண்ணு.”

“அதைத்தானுங்க பண்றேன்.” குரல் ஏறவில்லை. “அந்தப் பாதைல ஆயிரம் உசுரு இருக்குது. பன்னெண்டாந்தேதி அதுக்கு மேல முப்பது டன் லாரி போகும். உள்ள வௌவாலு சாகும். மேல யாரு இருக்கறாங்கன்னு நான் உங்களுக்குச் சொல்லோணுமுங்களா? உங்க மனு நகலெல்லாம் போன வாரம் புஷ்பம் அக்கா எனக்குப் படிக்கக் குடுத்தாங்க. நாப்பத்தொண்ணையும் படிச்சுட்டனுங்க. வயல் இருக்குது, படிக்கட்டு இருக்குது, மான் இருக்குது. லைன் வூடுகளப் பத்தி ஒரு வரி இல்லீங்க.”

வெளியே போ என்றேன். படத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள். குடையை மறந்துவிட்டாள்.

புஷ்பம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து படத்தைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியும்.

“யாரைக் கேட்டு டிரங்குப் பெட்டியைத் தொறந்தே?” என்றேன்.

“வாய் தொறக்காத மனுசன் வூட்டுல பெட்டியையாவது தொறக்கணும்.” எதிரில் உட்கார்ந்தாள். “எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினியா ஸ்டெல்லா அப்பா? தெற்குப் பக்கம் முழங்கால் தண்ணி. அங்க போன நாளெல்லாம் உன் சட்டை, பேண்ட்டு, பூட்ஸு எல்லாம் சொட்டச் சொட்ட வரும். நான்தானே பிழிவேன். அந்தக் கடைசி மூணு மாசம் காஞ்ச துணி வந்துது. காஞ்ச தூளு, உதறினாப் போதும். லைன் பக்கம்தான் தண்ணியில்லாத கரி. துவைக்கிறவளுக்குத் தெரியாதா?”

“ஏன் கேக்கல?”

“நீ சொல்லுவேன்னு இருபத்தொரு வருசமாப் பாத்துகினு கீறேன்.”

மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார் என்று சொன்னேன். மார்ச்சோடு சுரங்கம் மூடுகிறது, கணக்குக் காட்டக் கரி போதவில்லை, தெற்கில் தண்ணீர், எளிதில் எடுக்கக்கூடிய கரி லைனுக்கு அடியில்தான் இருக்கிறது. அதை வெட்டிக் கொடு, தெற்கு என்று எழுது, லைனை இடிக்காமல் உங்களுக்கே விட்டுவிட நான் எழுதித் தருகிறேன் என்றார். இடித்தால் இருபத்திரண்டு குடும்பமும் எங்கே போகும்? கோலாரிலும் வயல் மூடுகிற பேச்சு. சொந்த ஊர் என்று ஒன்று யாருக்கும் இல்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும்?

“வூட்டக் காப்பாத்த வூட்டுக்கு அடியிலேயே நோண்டுனீங்க” என்றாள் புஷ்பம். கேலியாகச் சொல்லவில்லை. அடுப்பில் குழம்பு தீய்கிறது என்று எழுந்து போனாள்.

ஜூலை 7

குடையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பூங்கோதை இல்லை. வாசலில் மாட்டிவிட்டு வந்தேன்.

ஜூலை 8

காலை ஐந்தரை மணிக்குச் சவுரியம்மா வீட்டுப் பின்சுவர் போய்விட்டது. விழவில்லை. போய்விட்டது. கோழிக்கூடு, துவைக்கிற கல், கயிறு கட்டிய கம்பு, எதுவும் இல்லை. ஓட்டை மாட்டுவண்டி இறங்குகிற அகலம். வௌவால்கள் பகலில் வெளியே வந்து, வெளிச்சத்தில் எங்கே போவதென்று தெரியாமல் சுற்றின. சில குட்டிகள் விளிம்பில் கிடந்தன. பூங்கோதை துணிப்பையில் அவற்றைப் பொறுக்கினாள். கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை அவளுக்கு.

பேரப்பிள்ளைகள் முன்னறையில் தூங்கியதால் பிழைத்தார்கள்.

எல்லோரையும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். சின்னவன் கோழி எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தான். சவுரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணா, நீ கம்பெனிக்காரன் கிட்ட பேசு. அன்னிக்கி லைனைக் காப்பாத்துனது நீதானே. அவரு சாவற அன்னிக்கும் அதத்தான் சொன்னாரு. சகாயம் இல்லன்னா நமக்கு வூடு இல்லன்னாரு.”

வேறு என்ன சொன்னான் என்று கேட்டேன்.

“வேற ஒண்ணும் சொல்லல. உன் கிட்ட எதையோ கேக்கச் சொன்னாரு. இன்னான்னு சொல்றதுக்குள்ள இருமல் வந்துட்ச்சி.”

கையை இழுத்துக்கொள்ள முடியவில்லை. நல்ல பிடி.

மத்தியானம் கோலை எடுத்துக்கொண்டு லைன் முழுக்க நடந்தேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தட்டினேன். என்ன தாத்தா என்று கேட்டவர்களைத் தாண்டி அடுத்த வாசலுக்குப் போனேன். முதல் நம்பரிலிருந்து பதினாறு வரை பறை. பதினேழிலிருந்து கணீர். என் வீடு இருபது.

ஜூலை 9

நாளைக் கூட்டத்தில் படிப்பதற்கு எழுதியது. நகல் இந்த நோட்டில் இருக்கட்டும்.

செய்யப்பட்ட அநியாயத்தை முதலில் சொல்கிறேன். 1998 ஜனவரியிலிருந்து மார்ச் வரை தமிழ் லைனுக்கு அடியில், வெட்டக்கூடாத கரியை வெட்டினோம். வெட்டச் சொன்னது அன்றைய மேனேஜர். வெட்டியது பதினான்கு பேர். அவர்களில் இன்று உயிரோடு இருப்பவன் நான் ஒருவன். மற்ற பதின்மூன்று பேருக்கும் இறங்கலாம் என்று சுவரில் எழுதிக் கொடுத்தது நான். தெற்கில் வெட்டியதாக ரிப்போர்ட்டில் எழுதியதும் நான். அதற்குப் பதிலாகத்தான் இந்த வீடுகள் இடிபடாமல் நமக்குக் கிடைத்தன. நான் கம்பெனியின் மீது எழுதிய நாற்பத்தோரு மனுவும் உண்மை. அவற்றில் எழுதாமல் விட்டதும் உண்மை.

இனி செய்ய வேண்டியவை.

கம்பெனி: பன்னிரண்டாம் தேதி லாரி எதுவும் லைன் ரோட்டில் வரக்கூடாது. சைக்கிள் கூடக் கூடாது என்று சொல்வேன், ஆனால் கேட்கமாட்டார்கள். முதல் நம்பர் முதல் பதினாறு வரை எல்லோரையும் நாளைக்கே மூடிக்கிடக்கும் கம்பெனி ஆஸ்பத்திரிக் கட்டிடத்துக்கு மாற்ற வேண்டும். அங்கே தண்ணீர்க் குழாய் போட வேண்டும். இருபத்திரண்டு வீட்டுக்கும் வேறு இடத்தில் வீடு கட்டித் தர வேண்டும். லைனைக் கொடுத்துவிட்டோம் என்று சொல்லக்கூடாது. கொடுத்தது என்னவென்று இப்போது எல்லோருக்கும் தெரியும்.

மதுகர்: தெற்கில் துளை போடுவதை நிறுத்த வேண்டும். அங்கே கரி அப்படியே இருக்கிறது. வரைபடத்தில் வெள்ளைக் கட்டத்தை அழிக்க வேண்டும். அதில் மூன்று நீளப் பாதை, ஒன்பது குறுக்குப் பாதை. நான் நடந்து காட்டுகிற இடத்தில் குறிக்க வேண்டும். எனக்கு அளவு மறக்கவில்லை.

பூங்கோதை: குட்டிகள் பறக்கும் வரை, ஆகஸ்ட் இருபது என்று வைத்துக்கொள்ளலாம், அந்தப் பாதைகளில் சாம்பல் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆள் மேலே இல்லை என்றால் சாம்பல் அவ்வளவு நாள் காத்திருக்கும். அதன் பிறகு வௌவால்களை இன்க்லைன் பக்கம் போக வைத்து, வடகோடியிலிருந்து நிரப்பிக்கொண்டு வர வேண்டும். வாயிலிருந்து முதல் குறுக்குப் பாதை வரை நிரப்பாமல் விட வேண்டும். கூரை அங்கே நல்ல கூரை. நானே தட்டியது. கம்பிக் கதவில் கம்பிகளைப் படுக்கையாக வைக்க வேண்டுமாம், அவள் சொன்னது. ரிப்போர்ட்டில் அந்தப் படத்தின் கீழ், சுவரில் இருக்கிற எழுத்தை அப்படியே எழுத வேண்டும். புள்ளி உட்பட.

வனத்துறை: காட்டோர வெடிப்புக்கு வேலி. மழை முடிவதற்குள். மறுபடி மான் கத்துவதை நான் கேட்கமாட்டேன்.

லைன் ஆண்கள்: யாரும் பாத்திரம் எடுக்கிறேன், பீரோ எடுக்கிறேன் என்று ஒன்பதாம் நம்பருக்குள் போகக்கூடாது. மாதா கோயிலிலிருந்து மெத்தைகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும்.

சவுரியம்மா: ஒன்றும் செய்ய வேண்டாம். சின்னப்பராஜ் கேட்கச் சொன்னது இதுதான் என்று நினைக்கிறேன். அவன் என்னை இரண்டு முறை கேட்டான், எப்போது சொல்லப்போகிறாய் என்று. நான் பதில் சொல்லவில்லை.

புஷ்பம்: நாளைக்கு வர வேண்டாம் என்றேன். வருவாள். முன்வரிசையில் உட்காராமல் இருந்தால் போதும்.

நான்: இதை முழுக்க, நின்றுகொண்டு, தமிழிலும் பிறகு தெலுங்கிலும் படிக்க வேண்டும். கையெழுத்தை ‘செ.தே.’ என்று போட வேண்டும். மேனேஜர் சொன்னதால் செய்தேன் என்று இரண்டாவது முறை சொல்லக்கூடாது. படித்த பிறகு யார் என்ன கேட்டாலும், யார் என்ன சொன்னாலும், உட்காரக்கூடாது, எதிர்த்துப் பேசக்கூடாது. கடைசி ஆள் பேசி முடிக்கும் வரை நிற்க வேண்டும்.